வேன் வாரியா, டேபிள் வாரியா

அந்தக் கவரக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க சிஸ்டர். உள்ள இருக்கறத படிக்க மாட்டேன், பயப்படாதீங்க. மேல இருக்கற முத்திரையத்தான் பாத்தேன். வட்டத்துக்குள்ள ஒரு ஷூ. அட, நம்ம ஷூ கம்பெனிதான். நர்ஸ் வேலைக்குத்தான போறீங்க? வெள்ள ஷூவ பாலிதீன் பையில சுத்தி மடியில வச்சிருக்கறதப் பாத்ததுமே நெனச்சேன். அங்க நர்ஸம்மாவ சிஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கும் அதே வந்துடுது.

நாளைக்குக் காலையில நீங்க உக்காரப்போற கம்ப்யூட்டர்ல ஓடறது என்னோட புரோகிராம். நெசமாத்தான். தொறந்ததும் கீழ ஓரமா பொடி எழுத்துல தணிகாசலம்னு வரும், அது நான்தான். வேலூர்ல வீட்டு மாடியில ஒரு ரூம் போட்டு, தனி ஆளா செய்யறேன். கம்பெனிக்கு ஆள் வருகை, வேன், மருந்து ரூம், மூணு புரோகிராமும் நான் எழுதினது. மருந்து ரூம்தான் உங்களுது. அத யாரும் குத்தம் சொல்லிடக் கூடாது, அவ்வளவு பாத்துப் பாத்து செஞ்சேன். அப்படியும் எனக்குக் கெட்ட பேரு. சொல்றேன், பாலத்துல வேலை நடக்குது, பஸ்ஸு எப்படியும் ஒரு மணி நேரம் நிக்கும்.

இந்தப் பையா? வேணாங்க, கீழ வைக்கல, மடியிலயே இருக்கட்டும். தங்கச்சிக்கு செருப்பு. தெய்வானைன்னு பேரு, நாங்க தெய்வான்னு கூப்பிடுவோம். அவளும் அந்தக் கம்பெனியிலதான் வேலை செய்யறா. ஆறு மாசம் ஆவுது. ஆவணியில கல்யாணம். அப்பா இல்ல, நான்தான் எல்லாம். செருப்பு விஷயத்த அப்புறம் சொல்றேன், மொதல்ல ரிப்போர்ட்.

ரிப்போர்ட்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல சிஸ்டர். யாருக்கு என்ன நோவு, என்ன மாத்திரை குடுத்தீங்க, எந்தத் தேதி, எல்லாம் உள்ள கெடக்கும். கொடியிலேருந்து எடுத்துப் போட்ட துணி மாதிரி மொத்தமா கெடக்கும். அத ஆள் வாரியா மடிக்கலாம், கலர் வாரியா மடிக்கலாம். துணி அதேதான். எதுக்குக் கீழ எத சேத்து வைக்கறோம்ங்கறதுதான் ரிப்போர்ட்டு.

அந்தக் கம்பெனியில எல்லாமே வேன் வாரி. ஏன்னா ஆளுங்க எல்லாம் கிராமத்துலேருந்து கம்பெனி வேன்லதான் வருவாங்க. பதினோரு வேன். இன்னிக்கு யாரு வரலன்னு பாக்கறது வேன் வாரி. பொங்கலுக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுக்கறது வேன் வாரி. ஒருத்தியக் கூப்பிடணும்னா கூட ஆலங்காயம் வேன் மங்கைன்னுதான் கூப்பிடுவாங்க. அவ எந்த ஹால்ல, எந்த டேபிள்ல வேலை செய்யறான்னு அந்த ஹால் சூப்பர்வைசர தவுர யாருக்கும் தெரியாது. அதனால மருந்து ரூம் ரிப்போர்ட்டும் வேன் வாரியாத்தான் கேட்டாங்க, குடுத்தேன்.

குடுத்தேனா? அடுத்த மாசம் போன். தணிகா, இந்தத் தடவ வயசு வாரியா வேணும். சரின்னு பஸ்ஸேறிப் போய் மாத்திக் குடுத்தேன். அதுக்கடுத்த மாசம், ஊர் வாரியா வேணும். மறுபடி பஸ்ஸு. எனக்குக் கோவம் வந்துடுச்சு சிஸ்டர். நான் என்ன இவங்க வீட்டு வேலக்காரனா? உக்காந்து யோசிச்சேன். ரிப்போர்ட்டுக்கு மேல ஒரு சின்னப் பெட்டி வச்சேன். அத தட்டினா கீழ லிஸ்ட் விழும். வேன், ஊர், வயசு, மாசம். யாருக்கு எது வாரியா வேணுமோ அவங்களே தொட்டுக்கலாம். என்னக் கூப்பிட வேணாம். நான் வீட்ல நிம்மதியா இருப்பேன்.

இதுல ஒரு சோம்பேறித்தனம் பண்ணேன், அத ஒத்துக்கறேன். லிஸ்ட்ல என்னென்ன வரணும்னு ஒவ்வொண்ணா நான் எழுதல. ஒவ்வொண்ணா எழுதினா, நாளைக்கு இன்னொண்ணு சேக்கணும்னு கூப்பிடுவாங்களே. அதனால, ஆளோட கார்டுல என்னென்ன விவரம் இருக்கோ அத்தனையும் தானா லிஸ்ட்ல வந்து நிக்கற மாதிரி எழுதிட்டேன். கார்டுல ஹால் நம்பர் இருக்கு. டேபிள் நம்பர் இருக்கு. அதுவும் வந்து நின்னுடுச்சு. நான் அத கவனிக்கக்கூட இல்ல. கவனிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு கேக்காதீங்க, தெரியாது.

உங்க எடத்துல அப்போ ஜெசிந்தா சிஸ்டர் இருந்தாங்க. அம்பது வயசு தாண்டினவங்க. மூக்குக் கண்ணாடிய நூல் போட்டு கழுத்துல மாட்டியிருப்பாங்க. கம்ப்யூட்டர்னா பயம்னு சொல்லுவாங்க, ஆனா பயந்த மாதிரி தெரியாது. அந்தப் பெட்டிய வச்சுக் குடுத்த ஒரு வாரத்துல அந்தம்மா லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டுப் பாத்திருக்காங்க. மேனேஜருங்க யாரும் தொடல. என்னப் போட்டு அந்தப் பாடு படுத்தினாங்களே, அவங்க ஒருத்தர் கூட தொடல. பழையபடி வேன் வாரியாவே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஒரு நாள் ஜெசிந்தா சிஸ்டர் போன் பண்ணாங்க. "தம்பி, இதுல டேபிள்னு ஒண்ணு இருக்கே, அது சரியா வேலை செய்யுதா?"

"ஏன் சிஸ்டர், என்ன ஆச்சு?"

"நீங்க ஒரு நடை வந்து பாருங்க."

போனேன். டேபிள் வாரியா பிரிண்ட் எடுத்து மேசை மேல பரப்பி வச்சிருந்தாங்க. ஒண்ணாம் டேபிளுக்கு ரெண்டு வரி. பத்தாம் டேபிளுக்கு மூணு வரி. தலவலி, வயித்துவலி, ஊசி குத்திடுச்சு, இப்படி. வந்துக்கிட்டே இருக்கு. முப்பத்தி ஒண்ணாம் டேபிள் வந்ததும் பேப்பர் பேப்பரா போவுது சிஸ்டர். முப்பத்தி ஒண்ணுலேருந்து முப்பத்தி ஆறு வரைக்கும், ஆறு டேபிளுக்கு நாலு பக்கம். அப்புறம் முப்பத்தி ஏழுக்குப் பழையபடி ரெண்டு வரி.

அந்த ஆறு டேபிளும் பேஸ்டிங் ஹால்ல உள்ளாற கோடியில இருக்கு. ஷூவோட தோலயும் அட்டையயும் பசை வச்சு ஒட்டற எடம். பசைய அங்க சொல்யூஷன்னு சொல்லுவாங்க. டப்பா டப்பாவா இருக்கும். கிட்ட போனா வாசன தூக்கும், கொஞ்ச நேரத்துல பழகிடும்.

நாலு பக்கத்துலயும் ஒரே மாதிரி நோவு. கால் விரல் மரத்துப்போவுது. படி எறங்கும்போது தடுக்குது. செருப்பு கழண்டு போனது தெரியல. இந்தக் கடைசி ஒண்ணு அடிக்கடி வருது. செருப்பு கழண்டது தெரியல. செருப்பு கழண்டது தெரியல. ஒருத்தி மெட்டி கழண்டு விழுந்தது தெரியாம மாமியார்கிட்ட திட்டு வாங்கியிருக்கா, அதையும் ஜெசிந்தா சிஸ்டர் எழுதி வச்சிருந்தாங்க. அதெல்லாம் எழுதற பழக்கம் அந்தம்மாவுக்கு.

எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? புரோகிராம்ல தப்பு இருக்குன்னு தோணுச்சு. ஒரே வரி திரும்பத் திரும்ப வருதுன்னு நெனச்சேன். அங்கயே உக்காந்து ரெண்டு நாள் பாத்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஆள் வேற, ஒரே ஆளா இருந்தா தேதி வேற. ஒண்ணு கூட ரெண்டு தடவ வரல. தப்பே இல்ல. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா சிஸ்டர். "தப்பு இல்ல சிஸ்டர், எல்லாம் கரெக்டு"ன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னேன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டி என்னையே பாத்தாங்க. அந்தப் பார்வைய என்னால மறக்க முடியல.

"வேன் வாரியா இத்தன வருஷம் பாத்தேனே தம்பி," ன்னாங்க. "ஒரு வேனுக்கு ஒருத்தி, ரெண்டு பேரு. அப்படியே கடந்து போயிட்டேன்."

அது உண்மைதான். அந்த ஆறு டேபிள் பொண்ணுங்களும் பதினோரு வேன்லேருந்து வர்றவங்க. வேன் வாரியாப் பாத்தா அங்க ஒரு வரி, இங்க ஒரு வரி. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா ஏமாத்து ஒண்ணும் இல்ல. அதுவும் சரியான ரிப்போர்ட்டுதான். அத நான் எங்க வேணா சொல்லுவேன்.

ஜெசிந்தா சிஸ்டர் அந்த நாலு பக்கத்தயும் எடுத்துக்கிட்டு மேனேஜர்கிட்ட போயிட்டாங்க. வரதராஜுலுன்னு, ஆளுங்களப் பாத்துக்கற மேனேஜர். நாளைக்கு அவருதான் உங்களுக்குக் கை குடுப்பாரு. நல்ல மனுஷன். கத்த மாட்டாரு. மறுநாள் என்னக் கூப்பிட்டாரு. டீ வரவச்சாரு. பிஸ்கட்டு. என் அம்மா முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டாரு. அப்புறம் அந்த நாலு பேப்பர எடுத்து வச்சாரு.

"தணிகா, இத யாரு உங்கள செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். எல்லாரும் அவங்கவங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கட்டும்னு நான்தான் வச்சேன்."

"நல்ல விஷயம். நான் தப்பு சொல்லல. ஆனா வீட்ல அருவாமண இருக்குதுன்னா அத நடுக்கூடத்துலயா போட்டு வைப்போம்?"

அப்புறம் அவரே சொன்னாரு, ஃபேன் விஷயம். பேஸ்டிங் ஹால் செவுத்துல சொல்யூஷன் வாசனக் காத்த வெளிய தள்ற பெரிய ஃபேன் நாலு இருக்கு. அது ஓடினா சொல்யூஷன் சீக்கிரம் காஞ்சுடுது, ஒட்டறதுக்குள்ள பிசுபிசுப்பு போயிடுதுன்னு சூப்பர்வைசருங்க நிறுத்தி வச்சிருக்காங்க. ரெண்டு வருஷமா. "போடச் சொல்றேன்," ன்னாரு. "நானே சொல்றேன். ஆனா ஆர்டர் முடியட்டும். அதுக்குள்ள இந்தப் பேப்பர் வெளிய போச்சுன்னா, வெளிநாட்டுக்காரன் ஆர்டர நிறுத்திடுவான். பதினோரு வேன் ஆளுங்களும் வீட்ல உக்காரணும். உங்களுக்கு அது சம்மதமா?"

சம்மதமான்னு கேட்டா யாரு சம்மதம்னு சொல்லுவாங்க? பதினோரு வேன் சிஸ்டர். நானூறு குடும்பம்.

"அந்த டேபிள மட்டும் லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும். எல்லாரும் தேர்ந்தெடுக்கட்டும்," ன்னாரு.

எடுத்தேன். அஞ்சு நிமிஷ வேலை. டேபிள், அதோட ஹாலும். ஆனா கேட்டுக்கங்க, உள்ள இருக்கற விவரத்துல ஒரு வரியக் கூட நான் அழிக்கல. எல்லாம் அப்படியே கெடக்கு. இன்னிக்கும் கெடக்கு. யார் வேணா வந்து பாக்கலாம். ஒரு வரியக் கூட அழிக்கல. லிஸ்ட்ல ஒரு பேர எடுத்தேன், அவ்வளவுதான்.

அடுத்த மாசமே ஷூ வாங்கற வெளிநாட்டு கம்பெனிலேருந்து ஒரு அம்மா சோதனைக்கு வந்தாங்க. மருந்து ரூமுக்கும் வந்தாங்க. மேனேஜர் என்னயே நிக்க வச்சு காட்டச் சொன்னாரு. அந்தம்மா பெட்டியத் தட்டினாங்க. வேன் தொட்டாங்க, ஊர் தொட்டாங்க, வயசு தொட்டாங்க, மாசம் தொட்டாங்க. எத தொட்டாலும் ரெண்டு வரி, மூணு வரி. அழகா பரவிக் கெடக்கு. எங்களுக்கு வேணுங்கறத நாங்களே தேர்ந்தெடுக்கற மாதிரி வச்சிருக்கீங்களே, எந்தக் கம்பெனியிலயும் இப்படி ஒளிவுமறைவு இல்லாம பாத்ததில்லன்னு கூட வந்தவரு தமிழ்ல சொன்னாரு. அந்தம்மா எனக்குக் கை குடுத்தாங்க. நான் தலை குனிஞ்சுக்கிட்டேன். வெக்கத்துலதான்னு அப்போ நெனச்சேன்.

அன்னிக்கு ஜெசிந்தா சிஸ்டர் மாத்திரை அலமாரி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க. எல்லாரும் போனப்புறம் கேட்டாங்க, "தம்பி, டேபிள் எங்க?"

"புது வெர்ஷன் போட்டேன் சிஸ்டர். அதுல போயிடுச்சு போல."

"போயிடுச்சா?"

"பாக்கறேன் சிஸ்டர்."

"பாருங்க. அது வரைக்கும் நான் நோட்டுல போடறேன்," ன்னாங்க.

நோட்டுன்னா, இருநூறு பக்க நோட்டு. ஒரு டேபிளுக்கு ஒரு பக்கம்னு பிரிச்சு, கம்ப்யூட்டர்ல கெடந்த பழைய வரியையும் சேத்து, கையால எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அது மட்டுமா? பேஸ்டிங் ஹால் பொண்ணுங்கள சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டு, கண்ண மூடச் சொல்லி, பஞ்சால கால் விரலத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இப்போ தெரியுதா?"ன்னு கேட்டிருக்காங்க. பொண்ணுங்க மூடின கண்ணோட, "இன்னும் ஆரம்பிக்கலயா சிஸ்டர்?"னு கேக்குமாம். அதுக்குள்ள அந்தம்மா அஞ்சு விரலயும் தொட்டு முடிச்சிருப்பாங்களாம்.

மார்கழி மாசம் அவங்கள நிறுத்திட்டாங்க. வயசாயிடுச்சு, கண்ணு சரியில்ல, மாத்திரைய மாத்திக் குடுத்துடுவாங்கன்னு சொன்னாங்க. இருக்கலாம். நமக்கென்ன தெரியும்? அவங்களுக்கு அப்புறம் ஒரு நர்ஸு ரெண்டு மாசம் இருந்துச்சு. அப்புறம் ஒண்ணு. இப்போ நீங்க.

போறப்ப அந்தம்மா நேரா என் வீட்டுக்கு வந்தாங்க. நோட்ட என் கையில குடுத்தாங்க. "நான் கோவத்துல வரல தம்பி. இது என்கிட்ட இருந்தா செல்லரிச்சுப் போவும். உங்ககிட்ட இருந்தா என்னிக்காவது கம்ப்யூட்டர்ல ஏறும்," ன்னாங்க. அம்மா காப்பி குடுத்தாங்க, குடிக்கல. தெய்வா கதவோரம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. "தங்கச்சியா? நல்லா இரும்மா," ன்னுட்டுப் போயிட்டாங்க. நான் நோட்ட பேப்பர்ல சுத்தி பீரோ மேல போட்டுட்டேன். தொறக்கல. தொறந்து என்ன பண்றது?

இப்பத்தான் தெய்வா விஷயம். தை மாசம் மேனேஜரே போன் பண்ணாரு. "தணிகா, உங்க வீட்ல தங்கச்சி சும்மாதான இருக்குது? அனுப்புங்க. உக்காந்த எடத்து வேல. பேஸ்டிங் ஹால்ல எடம் காலியா இருக்குது." நான் எதுவும் கேக்கல சிஸ்டர், அவரா செஞ்சாரு. இந்தக் காலத்துல யாரு இப்படி வலிய வந்து செய்யறா? தையல் ஹால்னா மிஷின் சத்தம், வெட்டற ஹால்னா நாள் பூரா நிக்கணும். இது உக்காந்து செய்யற வேல. அம்மா முருகனுக்கு தேங்கா ஒடச்சாங்க. தெய்வா அங்க பக்கத்துலயே எங்க சித்தி வீட்ல தங்கிக்கிட்டா. மாதனூர் வேன்.

எந்த டேபிள்னு கேக்கறீங்களா. முப்பத்தி மூணு.

தெரியும் சிஸ்டர். எனக்கும் தெரியும். அவ மொத நாள் முடிஞ்சு போன்ல முப்பத்தி மூணுன்னு சொன்னா. மேனேஜர்கிட்ட வேற எடம் கேக்கலாம்னுதான் இருந்தேன். போன கையில எடுத்தேன். ஆனா எப்படிக் கேக்கறது? ஒரு மனுஷன் கூப்பிட்டு உதவி செய்யறாரு, அதுல போய் நொட்டச் சொல்லு சொன்னா என்ன நெனப்பாரு? அதுவும் முப்பத்தி மூணு வேணாம்னா, ஏன்னு கேப்பாரு. நான் மறந்துட்டேன்னு அவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அவரும் மறந்துட்டாருன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம், ஃபேன் போட்டிருப்பாங்க. ஆர்டர் முடிஞ்சிருக்கும். தெய்வாவக் கேட்டேன், செவுத்துல ஃபேன் ஓடுதான்னு. "எந்த ஃபேன்? அதுல குருவி கூடு கட்டியிருக்குதுண்ணா," ன்னா.

மொத அஞ்சு மாசம் நல்லாத்தான் இருந்தா. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. போன மாசம் ஊருக்கு வந்தவ ஒத்தச் செருப்போட வந்து நிக்கறா. வலது கால்ல இருக்கு, எடது கால்ல இல்ல. பஸ் ஸ்டாண்டுலேருந்து வீடு வரைக்கும் வெறுங்கால்ல தாருல நடந்து வந்திருக்கா. வெயிலு எப்படி இருந்துச்சு அன்னிக்கு. நான் கத்தினேன். மயக்கத்துல நடக்கறியா, மாப்பிள நெனப்புலயான்னு கேட்டேன். அவளும் சிரிச்சா, அம்மாவும் சிரிச்சாங்க. புதுசு வாங்கிக் குடுத்தேன். பதினஞ்சு நாள்ல அதுவும் ஒண்ணு போச்சு, வேன் ஏறும்போது. மறுபடி வாங்கினா. போன வாரம் சித்தி போன் பண்ணி, "ஏன்டா, உன் தங்கச்சிக்கு மூணாவது ஜோடி, ஷூ கம்பெனியில வேல செய்யறவ வெறுங்கால்ல அலையறா"ன்னு கேலி பண்ணாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு போன வச்சேன்.

வச்சிட்டு, ஸ்டூல் போட்டு பீரோ மேலேருந்து நோட்ட எடுத்தேன்.

முப்பத்தி மூணாம் டேபிள் பக்கம். மூணு பேரு இருந்துச்சு சிஸ்டர், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. மூணு பேருக்கும் தேதி போட்டு எழுதியிருக்காங்க. மொத பொண்ணுக்கு, வேலைக்கு சேந்த ஆறாம் மாசம், செருப்பு கழண்டது தெரியல. ஏழாம் மாசம், மெட்டி போனது தெரியல. எட்டாம் மாசம், புதுச் செருப்பு கடிச்சு குதிகால்ல புண்ணு, வலி இல்லன்னு சொல்றா. ஒம்பதாம் மாசம், படி எறங்க ரெண்டு பேரு புடிக்கணும். அப்புறம் கோடு போட்டு, வேலைலேருந்து நின்னுட்டா. ரெண்டாவது பொண்ணுக்கும் அதே வரிசைதான். மூணாவது பொண்ணுக்கும் அதே. மூணாவது பொண்ணு நின்னது மார்கழி. தெய்வா சேந்தது தை.

எடம் காலியா இருக்குதுன்னு சொன்னாரே. அதத்தான் சொல்லியிருக்காரு.

நீங்க என்னையே பாக்கறீங்க. ஜெசிந்தா சிஸ்டரும் இப்படித்தான் பாப்பாங்க. ஏன் வேலைய விட்டு நிறுத்தலன்னு கேக்கறீங்க, அதான? மாப்பிள வீட்ல பொண்ணு கம்பெனி வேலைக்குப் போவுதுன்னு பாத்துத்தான் சம்மதிச்சாங்க. இப்போ நிறுத்தினா காரணம் கேப்பாங்க. என்ன காரணம் சொல்றது? பொண்ணுக்குக் கால்ல ஏதோ இருக்குன்னு ஊர்ல ஒரு வார்த்த கெளம்பிடுச்சுன்னா கல்யாணம் நிக்கும். ஆவணி வரைக்கும் போவட்டும், தாலி ஏறட்டும், அன்னிக்கே நிறுத்திடறேன். ரெண்டு மாசம்தான். அம்மி மிதிச்சு மெட்டி போடற வரைக்கும்.

இன்னிக்கு எதுக்குப் போறேன்னா, செருப்பு குடுக்க மட்டும் இல்ல. மேனேஜர் கூப்பிட்டிருக்காரு. இப்போ வேன் வாரியாப் பாத்தாலும் வரி நெறய வருதாம். மாதனூர் வேனுக்கு மட்டும் போன மாசம் ஒம்பது வரியாம். அதனால அந்தப் பெட்டியே வேணாம், மாசம் மட்டும் இருக்கட்டும், மொத்தம் இத்தன பேர்னு ஒரே ஒரு நம்பர் வந்தா போதும்ங்கறாரு. நாளைக்கு நீங்க உக்காரும்போது பெட்டி இருக்காது. எதுவும் தேர்ந்தெடுக்க வேணாம், உங்களுக்கும் வேல சுலபம். அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவேன். ஒரு வரியக் கூட அழிக்க மாட்டேன்.

அந்த அஞ்சு நிமிஷத்துல டேபிள திரும்ப லிஸ்ட்ல வைக்கவும் முடியும். அதுவும் எனக்குத் தெரியும். ராத்திரி பூரா அதத்தான் நெனச்சேன். வச்சா, நான்தான் வச்சேன்னு தெரிஞ்சுடும். அது எப்படியோ போவட்டும், விடுங்க. நீங்களும் நோட்டு கீட்டு எதுவும் போடாதீங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க படிச்சவங்க. நோட்டுல செருப்பு கழலறது ஆறாம் மாசம். கடிச்சா வலி தெரியாதது எட்டாம் மாசம். தெய்வாவுக்கு இப்பத்தான் ஆறு. அப்போ கடிச்சா இன்னும் தெரியணும் இல்லையா? தெரிஞ்சா, இன்னும் ஒண்ணும் ஆவலன்னுதான அர்த்தம்? ஆவணி வரைக்கும் தாங்கும்னுதான அர்த்தம்?

இருங்க, பைய தொறந்து காட்டறேன். பின்னால வார் வச்சது. பக்கிள் போட்டுட்டா கழலாது. கடையில மெதுமெதுன்னு நல்லதெல்லாம் காட்டினாங்க, வேணாம்னுட்டேன். நல்ல மொரட்டுத் தோலா கேட்டு வாங்கினேன். அழுத்திப் பாருங்க, எவ்வளவு வெறப்பு. இத போட்டு விட்டு, சித்தி வீட்டு வாசல்லேருந்து தெருக்கோடி வரைக்கும் நடக்க வச்சு, கடிக்குதான்னு கேப்பேன். ஆமாண்ணா, கடிக்குதுண்ணான்னு அவ ஒரு வார்த்த சொல்லிட்டா போதும் சிஸ்டர். அத கேக்கத்தான் போறேன். பயமா இருக்கு.

அவ கால் ஏழாம் நம்பர். நான் வாங்கியிருக்கறது ஆறு.